ஏழாம் படுக்கைக்கு வந்த ஆட்டம்

மாடியில் உட்கார்ந்து நான் ஒரு பட்டனை அழுத்தினேன், கீழ்த்தளத்தில் ஒரு பெண் வாந்தி எடுத்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று தெரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆனது. தெரிந்த பிறகு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் நவமணி. கன்வர்ட்டர்களை ஆடாமல் நிற்க வைப்பது என் பிழைப்பு. கன்வர்ட்டர் என்றால் பயந்துவிடாதீர்கள், கரண்டை ஒரு வோல்டேஜிலிருந்து இன்னொரு வோல்டேஜுக்கு மாற்றித் தருகிற பெட்டி, அவ்வளவுதான். உள்ளே ஒரு சுவிட்ச் ஓயாமல் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். உங்கள் செல்போன் சார்ஜருக்குள் இருப்பதும் அதுதான். இந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேரின் நெஞ்சுக்குள் ஓடும் பம்புக்குக் கரண்ட் தருவதும் அதுதான். கோயமுத்தூர் ஒரு காலத்தில் கிணற்று மோட்டார் செய்தது, இப்போது நெஞ்சு மோட்டார் செய்கிறது. சொந்த இதயம் கைவிட்டவர்களுக்கு ஒரு பம்பை உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள். மார்பில் ஒட்டிய வில்லை வழியாக, ஒயர் இல்லாமலே கரண்ட் உள்ளே போகும்.

பம்ப் வைத்தவர்கள் தேறும்வரை தங்குகிற மையம் ஒன்று சரவணம்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மாடியில் ஆறு படுக்கை, கட்டணம் கட்டியவர்களுக்கு. கீழே ஒரே ஒரு படுக்கை, இலவசம். ஏழு பேரின் பம்புக்கும் ஒரே லைன். மாடியில் இன்னும் இரண்டு படுக்கை போடப் போகிறோம், லைன் தாங்குமா பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நாங்கள் பார்க்கிற விதம் இதுதான். ஓடுகிற லைனின் மேல் வேண்டுமென்றே ஒரு சின்ன அசைவைக் கொடுப்போம். அது தானாக அடங்குகிறதா, பெரிதாகிக்கொண்டே போகிறதா என்று அளப்போம். அசைவு ரொம்பச் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் எங்கள் கணக்கு செல்லும். பெரிய அசைவு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கேட்காத மாதிரி காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

பட்டனை அழுத்தி, ஏழு பம்பும் என்ன செய்கின்றன என்று திரையில் பார்த்தேன். மாடியில் இருக்கும் ஆறும் நான் எதிர்பார்த்த மாதிரிதான் முரண்டு பிடித்தன. ஏழாவது மட்டும் நான் கொடுத்த அசைவை அப்படியே வாங்கிக்கொண்டது. அப்படி ஒரு சாதுவான லோடை நான் பார்த்ததே இல்லை. பம்பில் கோளாறோ என்னவோ என்று, மதியத்துக்கு மேல் படி இறங்கிப் போனேன்.

கீழே, துணி துவைக்கிற அறைக்குப் பக்கத்து அறை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கட்டிலில் சாய்ந்திருந்தாள். சோமனூரில் விசைத்தறி ஓட்டினவள், பேர் மயிலாத்தாள். தரையைத் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. நர்ஸ் ஒரு மூடியில் ரோஸ் நிறத்து மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சுங்க்கா?" என்றேன்.

"கேஸ் ட்ரபிள் மேடம்," என்றாள் நர்ஸ். "இவங்களுக்கு அடிக்கடி வரும். இன்னிக்குக் காலைல ஒருக்கா வாந்தி."

"எத்தன மணிக்கு?"

சொன்னாள். நான் பட்டனை அழுத்திய நேரம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, தற்செயல் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து மாடியில் பாட்டுப் போட்டார்கள். சாயங்கால நடைப்பயிற்சி. ஆறு பேரும் ஆறு ட்ரெட்மில்லில் ஏறி, பாட்டின் தாளத்துக்கு ஒரே அடியாக எடுத்துவைத்து நடப்பார்கள். அது அந்த மையத்தின் வழக்கம், விளம்பரத்தில்கூட அதைத்தான் காட்டுவார்கள்.

மயிலாத்தாள் மருந்தை வாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெளுத்தது.

"மேல அவிய நடந்தா எனக்குக் கிறுகிறுங்குதுங்க அம்மிணி," என்றாள். "சொன்னா இவிய சிரிக்கறாங்க."

நர்ஸ் நிஜமாகவே சிரித்தாள். "பாட்டுச் சத்தம் ஒத்துக்கலைம்பாங்க மேடம். பஞ்சு வெச்சு காதை அடைச்சும் பாத்தாச்சு."

படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். திரையில் லைன் ஆடிக்கொண்டிருந்தது, தாளத்துக்குத் தப்பாமல். அந்த ஆட்டம் முழுவதும் ஏழாவது பம்பில் போய் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு பேர் பாட்டுக்கு நடக்க, கீழே ஒருத்தியின் நெஞ்சு வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடியது.

மையத்தின் தொழில்நுட்பத் தலைவர் சுதர்சன். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது.

"சார், ஏழாவது பம்ப் மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?"

"கண்டுபுடிச்சிட்டீங்களா? அதான் மேடம் நம்ம தாங்கி," என்றார் சந்தோஷமாக. "ஒவ்வொரு பம்பா டெஸ்ட் பண்ணினா எல்லாம் பாஸ். ஒரே லைன்ல சேத்து மாட்டினா ஆட்டம். உங்களுக்குத் தெரியாததா? ஒரு பம்ப் மட்டும் லைன் போற போக்குக்கு வளைஞ்சு குடுத்துட்டா மத்த ஆறும் ஆடாது. சாஃப்ட்வேர்ல சின்ன மாத்தம், வேலை முடிஞ்சுது."

"வளைஞ்சு குடுக்கறது பம்ப் இல்லைங்க சார். அது ஒரு பொம்பளை."

"ஐயோ, அசைவு ரொம்பச் சின்னது மேடம். அளந்து பாத்துட்டோம்."

"எப்ப அளந்தீங்க? மேல ஆறு பேரும் நடக்கறப்பவா, படுத்திருக்கறப்பவா?"

காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதுதான் எங்கள் மாதிரி ஆட்களை அளக்க விடுவார்கள். அப்போது ஆறு பேரும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சமத்தாகப் படுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் அளந்து, அசைவு சின்னது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நடக்கிற நேரத்தில் யாரும் அளக்கவே இல்லை. மனுஷனைப் படுக்க வைத்து அளந்துவிட்டு நடக்க விடுகிற புத்திசாலித்தனம் எங்கள் தொழிலுக்குத்தான் வரும். கருமம்.

"லைன்லயே ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டா ஆட்டம் அடங்கிடுமே சார்?"

"அப்ருவல் ஆன லைன் மேடம். ஒரு ஸ்க்ரூ மாத்தினாலும் மறுபடி மொதல்லருந்து. அதுவரைக்கும் இந்த மையத்தையே மூடி வெக்கணும். அப்புறம் இந்த ஏழு பேரும் எங்க போவாங்க?"

"சரி, அப்ப சாஃப்ட்வேர்லயே பங்கு போடுங்க. ஆட்டத்தை ஏழு பம்பும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கட்டும். ஏழுல ஒரு பங்குன்னா யாருக்கும் தெரியவே தெரியாது."

சுதர்சன் சிரித்தார். "நல்ல ஐடியா. ஏழு பேரும் வாய்விட்டுச் சம்மதம்னு சொல்லட்டும். நாளைக்கே மாத்தறேன்."

நடக்காது என்று தெரிந்துதான் சொன்னார். அந்தச் சிரிப்பு பல்லில் ஒட்டிக்கொண்ட மிட்டாய் மாதிரி எனக்கு வீடு வரைக்கும் வந்தது.

மறுநாள் முதலில் மயிலாத்தாளிடம் போனேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களுக்குக் கேஸ் ட்ரபிள் இல்லைங்க்கா."

"பின்ன?"

"பந்தியில ஆறு பேர் உக்காந்திருக்காங்கன்னு வெச்சுக்குங்க. சோறு கொறையுதுன்னு தெரிஞ்சா ஒழுங்கான ஆள் என்ன பண்ணுவான்? கொஞ்சம் கொறைச்சு வாங்குவான். இந்தப் பம்புங்க அப்படி இல்லை. லைன்ல வோல்டேஜ் கொறைஞ்சா இன்னும் ரெண்டு கரண்டி சேத்துப் போடுங்கும். அதனால இன்னும் கொறையும், இன்னும் இழுக்கும். வோல்டேஜ் ஏறினா போதும் போதும்னு கையை எடுத்துக்கும். இப்படியே லைன் ஆட ஆரம்பிச்சிடும். அந்த ஆட்டம் அடங்கணும்னா யாராவது ஒருத்தர் இருக்கறதை வாங்கிட்டுப் பேசாம உக்காரணும்."

"அது நானுங்களா?"

"நீங்கதான். உங்க பம்பை மட்டும் அப்படி மாத்தி வெச்சிருக்காங்க. கொறைஞ்சா கொறைச்சு ஓடும், ஏறினா ஏத்தி ஓடும்."

"அடப்பாவிகளா," என்றாள் மெதுவாக. "போன தையிலிருந்து சோடா குடிச்சுக் குடிச்சு வவுறு வெந்து போச்சேங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இறங்கி வருவதற்கு முன் டாக்டரிடம் விசாரித்திருந்தேன். இப்படி ஏறி இறங்கினால் மூளைக்கு ரத்தம் சீராகப் போகாது. இன்றைக்குக் கிறுகிறுப்பு, என்றைக்காவது ஒரு நாள் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும். அதையும் அவளிடம் மறைக்காமல் சொன்னேன். பங்கு போடுகிற யோசனையையும் சொன்னேன்.

"மேல போயி கேக்கட்டுமா?"

"கேளுங்க அம்மிணி, கேளுங்க," என்றாள் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு.

மாடியில் பிரேமலதா அம்மாள் என்று ஒருவர், மூன்று பள்ளிக்கூடம் நடத்துகிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "அவங்க பாவம்," என்றார். "தினம் ஒரு ஆப்பிள் குடுத்து அனுப்பறேன், குடுத்துருங்க. மத்தபடி என் பம்புல கை வெக்காதீங்க." இன்னொருவர், அந்தம்மா இப்போது உயிரோடுதானே இருக்கிறார் என்று கேட்டார். ஒருவர் பேப்பரை மடக்கவே இல்லை. நான் பேசினது அவருக்கு ஃபேன் சத்தம். எனக்கு அவர்கள் உட்கார்ந்த நாற்காலியைத் தொடக்கூட அருவருப்பாக இருந்தது.

கடைசியாகப் பாலதண்டாயுதம். பல்லடத்தில் நூல் மில். உட்கார்ந்தபடியே நாலு பேரை வேலை வாங்குகிற ஆள்.

"நானெல்லாம் இரும்பு உடம்புங்க," என்றார். "லேசாக் கிறுகிறுங்கறதை அந்தம்மா பெருசு பண்ணுதாட்ட இருக்குது."

"அப்ப நீங்களே அரை நிமிஷம் பாத்துடுங்களேன். டாக்டர் பக்கத்துல நிப்பாரு."

விளையாட்டுக்கு அழைத்த மாதிரி சட்டையைத் தளர்த்திக்கொண்டு சரி என்றார். மற்றவர்களை நடக்கச் சொல்லி, பாட்டைப் போட்டு, டாக்டர் தலையசைத்த பிறகு, ஏழாம் படுக்கையின் வேலையை அவர் பம்புக்கு மாற்றினேன்.

அரை நிமிஷம் தாங்கவில்லை. "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார். முகமெல்லாம் வேர்வை. பக்கத்தில் இருந்த பூ ஜாடியை இழுத்து அதற்குள்ளேயே வாந்தி எடுத்தார். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நான் அவர் வாயைத் துடைக்கத் துண்டு கொடுத்தேன். அவர் முதலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா?

"நல்லவேளை, எனக்கு அந்தப் படுக்கையைக் குடுக்கல."

சீ என்று வாய்வரை வந்ததை முழுங்கினேன். வந்த வேலை அது இல்லை.

"இப்ப பங்கு போட்டா எப்படி இருக்கும்னு பாக்கறீங்களா சார்?"

நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து, "எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"ஆரம்பிச்சு, பாட்டே முடியப் போகுதுங்க."

இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. ஐந்து பேர் நடந்துகொண்டிருந்தார்கள், இவர் உட்கார்ந்திருந்தார், ஒருவருக்கும் ஒன்றுமே தெரியவில்லை. கீழே மயிலாத்தாளுக்கும் தெரியவில்லை, போய்க் கேட்டேன், அந்தப் பாட்டு முழுக்க அவள் தலை சீவிக்கொண்டிருந்தாளாம். ஒருத்தியை ஒரு வருஷம் வாந்தி எடுக்க வைத்ததற்குப் பதிலாக இவர்கள் கொடுக்க வேண்டியிருந்தது இவ்வளவுதான். ஒன்றுமில்லை. தலைவலிகூட இல்லை.

பாலதண்டாயுதம் மற்ற ஐந்து பேரையும் அன்றைக்கே சரிக்கட்டிவிட்டார். "மொதல்ல ஒத்துக்கிட்டது நான், அது தெரியட்டும்," என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பிரேமலதா அம்மாள் ஆப்பிளை நிறுத்திவிட்டார்.

ஆறு சம்மதம் கையில். ஏழாவதும் வாங்கிவிட்டால் முடிந்தது என்று துள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன்.

"நான் ஒத்துக்க மாட்டனுங்க," என்றாள் மயிலாத்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? உங்களுக்காகத்தானே..."

"தெரியுதுங்க கண்ணு. அவிய ஒத்துக்கவே மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் உங்களைப் போகச் சொன்னேன். இப்ப நெசமாலும் ஒத்துக்கிட்டாங்களே." சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். "ஊர்ல எத்தனை பேருக்கு நெஞ்சு நின்னு போச்சு. எனக்கு மட்டும் எதுக்கு சும்மா வெச்சு, சும்மா கரண்ட் குடுத்து, சோறும் போடறாங்கன்னு நானும் கும்பிடாத சாமி இல்லைங்க. இப்பத்தானே வெளங்குது. நான் தாங்கறதுக்காக வெச்சிருக்காங்க. நாளைக்கு நான் தாங்க வேண்டாம்னு ஆயிட்டா?"

"அப்படியெல்லாம் அனுப்பிட மாட்டாங்கக்கா."

"போயி கேட்டுட்டு வந்து சொல்லுங்க. மேல இருக்கறவிய தேறினா வீட்டுக்குக் கரண்ட் ஏத்தற மிசினு ஒண்ணு குடுத்து அனுப்பறாங்க. எனக்கு இந்தக் கட்டில்தானுங்க மிசினு. இதை விட்டு எறங்கினா பொழுது சாயறதுக்குள்ள நெஞ்சுல இருக்கற பேட்டரி தீந்துரும். கிறுகிறுத்தாலும் உசுரோட கிறுகிறுக்கறேனே, அது போதுமுங்க," என்றாள்.

போய்க் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை. சுதர்சன் கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"யோசிச்சுப் பாருங்க மேடம். பங்கு போட்டுட்டா தாங்கி எதுக்கு? கீழ்த்தளத்தைக் கேன்டீனாக்கலாம்னு பேச்சு இருக்கு. அந்தம்மாவை வேற எங்கயாவது இலவச வரிசையில பதிஞ்சு விட்டுடலாம்."

"வரிசை எவ்வளவு நீளம்னு தெரியுமா சார்? அதுவரைக்கும் கரண்டுக்கு அவங்க எங்க போவாங்க?"

"அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லையே."

அவர் மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்து அந்தச் சுருக்கமில்லாத சட்டையில் ஊற்றியிருப்பேன். வேலை போகும் என்று பயந்து இல்லை, ஊற்றினால் மயிலாத்தாளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதால்தான் விட்டேன். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ அந்தக் கட்டிடமே என்மேல் அப்பிக்கொண்ட மாதிரி இருந்தது.

பிறகு உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

ஆட்டத்தை ஏழாகப் பங்கு போடும்போது ஒவ்வொரு பம்பும் எவ்வளவு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு அளவு வைக்க வேண்டும். தாராளமாக வைத்தால் ஆறு பம்பே போதும், ஐந்துகூடப் போதும். எங்கள் தொழிலில் தாராளமாகத்தான் வைப்போம், ஒன்று கழன்றாலும் லைன் நிற்க வேண்டும் என்று. அதுதான் முறை. படித்து வந்த நாளிலிருந்து அதை மீறியதில்லை.

மீறினேன். ஒவ்வொரு பங்கையும் இறுக்கிப் பிடித்தேன். ஏழும் இருந்தால் லைன் அசையாமல் நிற்கும். ஒன்று குறைந்தால் யார் உயிருக்கும் ஆபத்து இல்லை, பம்பெல்லாம் ஓடும், ஆனால் மாடியில் ட்ரெட்மில் ஓடாது. லைன் ஆடத் தொடங்கினால் தானே பூட்டிக்கொள்ளும்படி வைத்தேன். ஏழாவது படுக்கையில் ஆள் வந்து படுத்தால்தான் மறுபடி நடக்கலாம்.

ரிப்போர்ட்டைச் சுதர்சனிடம் கொடுத்தேன். அதிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறுக்கு நிக்காதா?"

"நிக்காது. நீங்களே ஒரு பம்பை லைன்லருந்து கழட்டிப் பாருங்க, கொஞ்ச நேரம் பேட்டரில ஓடும்."

கழற்றிப் பார்த்தார். மாடியில் பாட்டு ஓடியது, ட்ரெட்மில் நின்றுவிட்டது. பிரேமலதா அம்மாள் அங்கிருந்தே கத்தினார். அவசர அவசரமாக மாட்டிவிட்டு, "அப்ப கீழ் படுக்கை இருந்துதான் ஆகணும்," என்றார் சுதர்சன். "எப்பவும் ஆள் இருக்கற மாதிரி பாத்துக்கணும். வேற வழியில்லை இல்ல?"

"வேற வழியில்லைங்க சார். மாடியில ரெண்டு படுக்கை சேத்தாலும் இது இருக்கணும்."

நான் இறுக்கி வைத்த அளவுக்கு, சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் என் நாக்கில் கசந்தது. ஒரு மனுஷியைச் சும்மா, மனுஷி என்பதற்காக உயிரோடு வைத்திருக்க அந்தக் கட்டிடத்தில் ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. அவள் இல்லாவிட்டால் இவர்கள் நடக்க முடியாது என்று ஆக்கிக் காட்டினால்தான் அவளுக்குக் கட்டில். த்தூ. அப்படி ஆக்கிக் கொடுத்த கையும் என்னுடையதுதான்.

கீழே போய், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, மயிலாத்தாளிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். "அப்ப நானு எறங்கினா அவிய நிக்கணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சம்மதம் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மையத்தில் சின்ன விழா மாதிரி வைத்தார்கள். ஏழாம் படுக்கையின் மேல் ஒரு பலகை, "என்றும் இலவசம்" என்று. சுதர்சன் வந்தவர்களிடம், ஏழைகளுக்கு ஒரு படுக்கை எப்போதும் காலியாகாமல் வைத்திருப்பது தங்கள் கொள்கை என்றார். பாலதண்டாயுதம் பட்டு வேட்டியில் வந்து, தாங்கள் ஆறு பேர் பெரிய மனசு பண்ணினதால் ஒரு உயிர் பிழைத்தது என்று மைக்கில் பேசினார். கை தட்டினார்கள். என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள், தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பிறகு எல்லாரும் கீழே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள், போட்டோ எடுக்க. பிரேமலதா அம்மாள் மயிலாத்தாளின் தோளில் கை போட்டார். மயிலாத்தாள் மடியில் தட்டு, தட்டில் பாதி தின்ற தோசை.

"கொஞ்சம் சிரிங்கம்மா," என்றார் போட்டோக்காரர்.

சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பல்ப் மின்னியது. பாலதண்டாயுதம் இன்னொன்று எடுக்கச் சொல்லித் துண்டைச் சரிசெய்தார்.

"ஆச்சுங்களா?" என்றாள் மயிலாத்தாள். "ஆச்சுன்னா எல்லாரும் மேல போயி நடங்க. எனக்குத் தோசை ஆறுது."